பெரிய சோதனை வீட்டு வாசலில்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குன்னூர்க் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'காலாட்படை வீரனுக்குப் பெரிய சோதனை போர்முனையா, வீடு திரும்பிய வாழ்க்கையா?' என்பது தலைப்பு. வீடு திரும்பிய வாழ்க்கையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஆசிரியர் சியாச்சினைச் சொல்லி அவையை உருக்கிவிட்டார். 2016 பிப்ரவரியில் 19-வது மதராஸ் பெட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அது என் ரெஜிமென்ட். நான் அந்த மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமான வெலிங்டனில் பயிற்சி பெற்றவன். அவர் பேசியபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் ஐயா, நீங்கள் பேசியது சாவைப் பற்றி. தலைப்பில் இருப்பது சோதனை. அது பிழைத்தவனுக்குத்தான் உண்டு.

போர்முனை எளிது என்று நான் சொல்ல மாட்டேன். 1987 அக்டோபரில் இலங்கையில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டபோது இந்திய அமைதிப் படையில் இருந்தேன். எங்களிடம் ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரில் சரமாரியாகச் சுடும் ஏ.கே. 47. பாதையெங்கும் கண்ணிவெடி. முன்னே போகிறவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தோம். ஆனால் அந்தப் பயத்தைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டோம். நான் தூங்கினால் பக்கத்தில் ஒருவன் விழித்திருப்பான். செக்ஷன் கமாண்டர் 'படு' என்றால் படுத்தோம், 'எழு' என்றால் எழுந்தோம். அங்கே எல்லாம் உத்தரவுதான். யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. வீட்டில் உத்தரவு போட ஆளில்லை. கேள்வி கேட்கத்தான் ஊரே இருக்கிறது.

எதிரணி அம்மையார், "வீட்டுக்கு வந்தால் சொந்தபந்தம் தாங்கிக்கொள்ளாதா?" என்றார். அம்மா, எனக்குச் சிக்கலே அந்தச் சொந்தபந்தம்தான்.

என் பெற்றோர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, நான் சிறுவனாக இருந்தபோது நீலகிரிச் சேரம்பாடிக்கு வந்தார்கள். இன்று டான்டீ என்கிறோமே, அந்த அரசுத் தோட்டத்தில் வேலை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு ஓர் அண்ணனோ அத்தையோ கடலுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டிருந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தமிழர் பலர் மலையை விட்டிறங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார்கள். நான் துப்பாக்கியோடு போய் நின்றதும் அந்த வவுனியாவில்தான்.

வீடுகளைச் சோதனையிடும்போது அதிகாரி கேட்பதைத் தமிழில் சொல்வது என் வேலை. "வீட்டில் ஆண்கள் எத்தனை பேர், எங்கே போயிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். ஒரு பெரியவர் பதில் சொல்லாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி பேச்சு தோட்டத்துப் பேச்சாக இருக்கிறதே, எந்த ஊர்?" என்றார். சேரம்பாடி என்றேன். "என் தங்கச்சி அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள்" என்று பெயரைச் சொன்னார். எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அத்தை! "என்ன சொல்கிறான்?" என்றார் அதிகாரி. "என் ஊரைக் கேட்கிறார், சார்" என்றேன். "நேரத்தை வீணாக்காதே, உள்ளே போய்ப் பார்" என்று உத்தரவு. போய்ப் பார்த்தேன். பெட்டிகளைக் கவிழ்த்தோம், நெல் மூட்டையைக் குத்திப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பியதும் அந்த அத்தை எங்கள் வாசலுக்கு வந்து கேட்டார்: "வவுனியாவுக்குப் போனாயாமே, எங்கள் அண்ணனைப் பார்த்தாயா?" பார்த்தேன் என்றால், எப்படிப் பார்த்தேன் என்றும் சொல்ல வேண்டும். "நன்றாக இருக்கிறார், அத்தை" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று மாலையே கூப்பிட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தார். அதையும் குடிக்க வேண்டியிருந்தது. எதிரணித் தோழர்களே, எந்தப் பதுங்குகுழியில் இப்படி ஒரு காப்பி கொடுப்பார்கள்?

இளைஞர்கள் நேராகவே கேட்டார்கள்: "எத்தனை தமிழனைச் சுட்டாய்?" அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பொதுமக்களும் இறந்தார்கள்; அதை மறைத்துப் பேச நான் இந்த மேடை ஏறவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கிளம்பிச் சென்னை வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. மாலை விழவில்லை என்று நான் குறைபட மாட்டேன். ஆனால் இந்தியத் தரப்பிலும் ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டார்கள். அவர்களுக்கு இலங்கை அரசு, கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில், நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. எங்கள் லயத்திலோ அவர்களைப் பற்றிப் பேச்செடுக்கவே முடியாது. என் அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பந்தலூர்க்காரர்களுக்கு இது தெரியும். லயத்துப் பக்கம் யானை வந்தால் வனத்துறையினர் பட்டாசு வெடித்து விரட்டுவார்கள். ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். "எங்கள் அப்பாவுக்கு யானை என்றால் பயம்" என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். யானைக்குப் பயந்தவன் என்ற பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது. தேயிலைக் கன்று நடப் புதிதாகத் தோண்டிப் போட்ட மண்ணை நான் மிதிக்கவே மாட்டேன், சுற்றித்தான் போவேன். அதற்கு மட்டும் பொருத்தமான பொய் இன்னும் கிடைக்கவில்லை.

"பென்ஷன் இருக்கிறது, கேண்டீன் கார்டு இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆசிரியர் தலை நரைத்து ஓய்வு பெறுகிறார். சிப்பாயோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் வெளியே வந்து, மறுபடி வேலை தேடுகிறான். நானும் ஒரு வங்கிக் காவலாளி வேலைக்குப் போனேன். "துப்பாக்கி பிடித்த அனுபவம் உண்டா?" என்றார் மேலாளர். உண்டு என்றேன். "சுட்டிருக்கிறீர்களா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். பக்கத்தில் இன்னும் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

அந்த இடத்தில் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் இந்த அவைக்குச் சொல்லட்டும். நடுவர் மணி அடித்துவிட்டார். அமர்கிறேன்.