காற்றுக்குப் பிறகு ஓட்டு வீடு

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசியில் மாங்காயைக் கொட்டிவிட்டுப் போகும் சூறைக்காற்று அடித்தால், மறுநாள் காலையிலேயே எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "ஓடெல்லாம் பறந்துபோச்சுங்க, மொத்தமா பிரிச்சுட்டு ஷீட்டு போட்டுடலாமா?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். பழைய வீடுகளைப் பழுது பார்க்கிற வேலை எனக்கு. தயவுசெய்து அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

காற்று வீட்டின் மேல் ஏறிக் கடக்கும்போது, முகட்டுக்கு மறுபுறம் இருக்கும் ஓட்டை மேல்நோக்கி இழுக்கும். ஜன்னல் வழியாகவும், கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்து இடுக்கு வழியாகவும் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். அதனால் முதலில் போவது ஓரத்து வரிசைகளும் முகட்டு ஓடும்தான். நடுக்கூரை பெரும்பாலும் அப்படியே நிற்கும். கீழே விழுந்து நொறுங்கிய ஓட்டைப் பார்த்து மனசு பதறும், அது இயல்புதான். ஆனால் கூரையின் உயிர் மரத்தில் இருக்கிறது. முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் கைமரமும், அதன் குறுக்கே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டமும் சரியாக இருந்தால், போன ஓட்டை மட்டும் மாற்றினால் போதும்.

மரத்தை எப்படிப் பார்ப்பது? கைமரம் சுவரில் உட்காரும் முனையில் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது, அல்லது கறையான் தின்றுவிட்டது. ஈரம் தங்குவது அங்கேதான். ஓட்டில் கை வைப்பதற்கு முன் ஆசாரியைக் கூப்பிட்டு அந்த முனையைச் சரி செய்யுங்கள்.

அப்புறம் ஒழுகல். வீட்டுக்குள் எங்கே சொட்டுகிறதோ, அதற்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்க வேண்டும் என்று இல்லை. தண்ணீர் கைமரத்தின் வழியே வழிந்து நாலடி தள்ளி வந்து சொட்டும். நல்ல வெயில் நேரத்தில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெங்கே வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதோ, அங்கே பக்கத்து ரீப்பரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். விரிசல் விட்ட ஓட்டைக் கண்டுபிடிக்க விரல் முட்டியால் தட்டினால் போதும். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும்.

மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் சீமை ஓடு என்கிற இந்த மங்களூர் ஓட்டைச் செய்திருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி பள்ளமும் வரம்பும் கொஞ்சம் மாறும். பழைய ஓட்டுக்கு நடுவில் வேறு கம்பெனி ஓட்டைச் சொருகினால் பொருந்தாது, ஒழுகும். ஓட்டில் அச்சிட்ட பெயரைப் பார்த்து, பழைய வீடு இடிக்கிற இடத்தில் அதே ஓடு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லையா? மாட்டுக்கொட்டகை மேலிருக்கும் பழைய ஓட்டை எடுத்து வீட்டுக்குப் போட்டுவிட்டு, புது ஓட்டைக் கொட்டகைக்கு மொத்தமாகப் போடுங்கள். ஒரே ஜாதி ஓடு ஒரே சரிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீமை ஓட்டின் அடிப்பக்கம் பெரும்பாலும் ஒரு சிறு துளை இருக்கும். கம்பி கட்டுவதற்காக வைத்தது. பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. எல்லா ஓட்டையும் கட்டத் தேவையில்லை. இறவாணத்து ஓரமும் பக்கவாட்டு ஓரமும் இரண்டிரண்டு வரிசை, செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். அடுத்த காற்றைத் தாங்கும்.

விரிசலில் சிமெண்ட் பூசுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இறுகிய சிமெண்ட் பக்கத்து ஓட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒன்றை எடுக்கப் போனால் மூன்று உடையும். முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் நல்லது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழையில், நகர்ந்த ஓடு ஒன்றே போதும், மண்சுவரின் தலை ஊறிப்போகும். எனவே உடனே தார்ப்பாயைப் போடுங்கள். ஆனால் முகட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள், மேலே கல்லை வைக்காதீர்கள். காற்றில் கல் உருண்டால் தலையில்தான் விழும். ஈர ஓட்டின் மேல் யாரும் ஏறவே கூடாது. கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நொறுங்கியதைக் கூட்டி அள்ளுவதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் கொடுத்துவிடுங்கள். கூட்டிவிட்டால் சேதத்தைக் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்த வேலைகளை மாசி, பங்குனியிலேயே முடிப்பது உத்தமம். கூரை மேல் சாய்ந்த புளியங்கிளையையும் அப்போதே வெட்டிவிடுங்கள். மிச்சமாகும் நல்ல ஓட்டை விற்றுவிடாதீர்கள். ஐம்பது ஓடாவது கையிருப்பில் இருக்கட்டும். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது பாரத்தில் விரிசல் விடும். சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.