மாம்பாங் கஷாயமும் ஒரு பேராசிரியரும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்ப்பவர்களுக்கு யுனெஸ்கோ நிறுவனம் வழங்கும் பரிசுக்குக் கலிங்கா என்ற பெயர் வரக் காரணமானவர் ஒடிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக். 1951இல் அவர் அளித்த கொடையிலிருந்து பிறந்த அந்தப் பரிசை, 1997இல் ஐதராபாத்தில் பணியாற்றிய அறிவியலாளர் டி. பாலசுப்ரமணியன் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து அப்பரிசு மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டு உயிர்வேதியியலாளர் ஒருவருக்குக் கிடைத்தது. அவர் பெயர் மரியன் எவுராமா ஆடி. கானாவில் இயற்கை அறிவியல் துறையில் முழுநிலைப் பேராசிரியரான முதல் பெண் அவரே. அவரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அவர் 1942 பிப்ரவரி 7ஆம் நாள் என்காவ்காவ் என்ற ஊரில் பிறந்தார். தலைநகர் அக்ராவிலிருந்து குமாசி செல்லும் நெடுஞ்சாலையில், குவாஹு மலைச்சரிவின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. அப்போது கானாவுக்கு அந்தப் பெயரே கிடையாது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது கோல்ட் கோஸ்ட் என்று வழங்கியது. 1957 மார்ச் 6 அன்று நாடு விடுதலை பெற்றபோது மரியனுக்குப் பதினைந்து வயது. அஷாந்திப் பகுதியின் மாம்பாங்கில் இருந்த செயின்ட் மோனிக்கா பள்ளியிலும், பிறகு கடற்கரை நகரான கேப் கோஸ்டின் ஹோலி சைல்டு பள்ளியிலும் படித்தார். இரண்டும் பெண்கள் பள்ளிகள். அதன்பின் லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் வேதியியலும் பயின்றார். செடியை அறிந்தவராகவும் செடிக்குள் இருக்கும் வேதிப்பொருளை அறிந்தவராகவும் ஒருசேர அவர் உருவானதற்கு அந்தப் பட்டப்படிப்பே அடித்தளம் என்று நான் கருதுகிறேன். உயிர்வேதியியலில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு தாம் படித்த லெகோனுக்கே ஆசிரியராகத் திரும்பி, உயிர்வேதியியல் துறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

அவருடைய ஆய்வு வாழ்வில் ஒரு செடிக்குத் தனியிடம் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் அவர் எப்படிச் சிந்தித்தார் என்பது அதில்தான் துலங்குகிறது.

அக்ராவுக்கு வடக்கே அக்வாபிம் குன்றுகளின் மேல் மாம்பாங் என்று இன்னோர் ஊர் இருக்கிறது. அவர் பள்ளியில் படித்த மாம்பாங் வேறு, இது வேறு. எடின்பரோவில் மருத்துவம் பயின்றவரும் நல்ல சிற்பியுமான டாக்டர் ஓக்கு அம்போஃபோ, நாட்டு மருந்துகளை முறையாக ஆராய வேண்டும் என்று இந்த ஊரிலிருந்து விடாமல் வலியுறுத்தி வந்தார். அதன் பயனாக 1975இல் அரசு அங்கே தாவர மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவியது. ஆஸ்துமாவால் மூச்சிரைப்புடன் வந்த நோயாளிகளுக்கு டெஸ்மோடியம் அட்சென்டென்ஸ் என்ற சிறு செடியைக் காய்ச்சிய கஷாயம் அங்கே கொடுக்கப்பட்டது. அது அவரைக்குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் காய்கள் ஆடையில் ஒட்டிக்கொள்ளும். கஷாயத்தைக் குடித்தவர்களில் பலருக்கு இளைப்பு தணிந்ததாக மருத்துவர்கள் கண்டார்கள். எப்படித் தணிகிறது என்பதற்கு விடை இல்லை.

படித்த அறிவியலாளர் ஒருவர் இத்தகைய செய்தியைக் கேட்டால் இரண்டில் ஒன்று நடப்பது வழக்கம். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடுவார், அல்லது முன்னோர் சொன்னது பொய்க்காது என்று அப்படியே ஏற்றுக்கொள்வார். மரியன் ஆடி அந்தக் கஷாயத்தை ஆய்வுக்கூடத்து மேசைக்கு எடுத்து வந்தார். 1980களில் அவரும் அவருடைய குழுவினரும் கினிப்பன்றிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளை வரிசையாகக் கட்டுரைகளில் வெளியிட்டார்கள்.

ஆஸ்துமாவில் நடப்பதை எளிமையாகச் சொன்னால் இதுதான். மகரந்தமோ தூசியோ போன்ற ஒவ்வாத பொருள் ஒன்று உடலுக்குள் சென்றதும், மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன; அதனுடன், செல்லின் சவ்வில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து லியூக்கோட்ரையீன் போன்ற பொருள்களும் உருவாகின்றன. இவை மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள மென்தசையை இறுக்கிவிடுவதால் மூச்சு திணறுகிறது. கஷாயத்தின் சாறு இந்தத் தசையின் சுருக்கத்தைக் குறைக்கிறது என்று மரியனின் குழு முதலில் காட்டியது. பிறகு, கனடா நாட்டு ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து அவர் அந்தச் சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே சோதித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகள் தசைச் சுருக்கத்தைத் தடுப்பது தெரிந்தது. கஷாயத்துக்குள் மருந்து ஒன்றாக இல்லை, பலவாக இருக்கிறது என்பது அதன் பொருள்.

இந்தத் தடம் 1993இல் வியப்பூட்டும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தது. மெர்க் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தச் செடியிலிருந்து சப்போனின் வகையைச் சேர்ந்த சேர்மம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். மென்தசைச் செல்களில் கால்சியத்தால் இயங்கும் பொட்டாசியம் வாயில்கள் உள்ளன. அவை திறந்தால் பொட்டாசியம் வெளியேறும், செல்லுக்குள் கால்சியம் நுழைவது குறையும், தசை தளரும். அந்தச் சேர்மம் மிகக் குறைந்த அளவிலேயே இந்த வாயில்களைத் திறந்தது. அதை அறிவித்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மரியன் ஆடியின் பெயரும் இருக்கிறது. ஒரு சிக்கலும் அதே ஆய்வில் வெளிப்பட்டது: அந்தச் சேர்மம் செல்லின் உட்புறத்திலிருந்து மட்டுமே வேலை செய்கிறது, செல்லின் சவ்வையோ அது எளிதில் கடப்பதில்லை. ஆகவே கஷாயத்தின் முழுக் கதையையும் அந்த ஒரு பொருளைக் கொண்டு சொல்லிவிட முடியாது. பிற்காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவின் இயற்கைப் பொருள் ஆய்வாளர்களை ஒருங்கிணைக்கும் வலையமைப்பு ஒன்றை வழிநடத்தும் பொறுப்பையும் அவர் ஏற்றார். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே போதிய கருவிகள் இல்லாத நிலையில், இருப்பதைப் பகிர்ந்துகொள்வதே வழி என்பது அவருடைய அனுபவத்திலிருந்து வந்த முடிவாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஆய்வாளர்கள் அறிந்த மரியன் ஆடி. கானாவின் வீடுகள் அறிந்தவரோ தொலைக்காட்சியில் தோன்றிய மரியன் ஆடி. 1993இல் அந்நாட்டில் தேசிய அறிவியல் கணித வினாடி வினாப் போட்டி தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிகள் தலா இரண்டு மாணவர்களை அனுப்பி மோதும் அந்தப் போட்டியின் முதல் வினாத் தொடுப்பாளராக, 2000ஆம் ஆண்டு வரை அவரே விளங்கினார். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொலைக்காட்சியில் பள்ளிப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு நேரம் செலவிடுவதைச் சிறுமையாகக் கருதும் மனப்பான்மை எல்லா நாடுகளிலும் உண்டு. அதற்கு இடம் கொடுக்காமல், ஆய்வுக்கும் துறைக்கும் நடுவே ஏழெட்டு ஆண்டுகள் அவர் இதைச் செய்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கால்பந்துப் போட்டிக்குக் கூடுவதுபோல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்களெல்லாம் கூடி, ஒரு வேதிச் சமன்பாட்டுக்காகக் கைதட்டும் பழக்கம் கானாவில் வேரூன்றியது இந்தப் போட்டியால்தான். கலிங்கா பரிசு அவரைத் தேடி வந்ததற்கு இந்தப் பணியே முதன்மையான காரணம். கானா கலை அறிவியல் கழகத்திலும் அவர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொதுவாக ஓய்வுக்குரியதாகக் கருதப்படும் வயதில் அவர் இன்னொரு சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆங்கிலிக்கன் திருச்சபை தொடங்கிய ஆங்கிலிக்கன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அவரே முதல் தலைவரானார். நெடுங்காலமாக வேரூன்றிய ஒரு துறையை நடத்துவதும், பாடத்திட்டம், ஆசிரியர்கள், அங்கீகாரம் என ஒவ்வொன்றையும் முதலிலிருந்து திரட்ட வேண்டிய புதிய நிறுவனத்தை நடத்துவதும் ஒன்றல்ல. தம் அறிவியல் வாழ்வு முழுவதும் ஒரு செடியின் சாற்றைக் கூறு கூறாகப் பிரித்துப் பொறுமையாகச் சோதித்த ஒருவருக்கு, அந்த வேலைக்குத் தேவையான பொறுமை ஏற்கெனவே வாய்த்திருந்தது.

பேராசிரியர் மரியன் ஆடி 2014 ஜனவரி 14ஆம் நாள் காலமானார். எழுபத்திரண்டு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. அவர் தொடங்கிவைத்த வினாடி வினா அவருக்குப் பின்னும் நிற்கவில்லை. 2001இல் அந்த இருக்கைக்குத் தாவரவியலாளர் யுரேக்கா எமெஃபா அடோமாக்கோ வந்தார்; 2006இல் உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியர் எல்சி எஃபா காஃப்மன் வந்து, பல ஆண்டுகள் அதை நடத்தினார். இருவருமே கானா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள், இருவருமே பெண்கள். அறிவியலில் கேள்வி கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர் ஒரு பெண் பேராசிரியர் என்பதை இயல்பான காட்சியாகவே பார்த்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கானாவில் வளர்ந்துவிட்டார்கள்.

நன்றி. வணக்கம்.