லேஸா விழுகிறது: சாம்பியாவின் ஈலா மக்கள்

[காட்சி: காய்ந்த புல்வெளி. தூரத்தில் கருமேகம். முதல் துளிகள் புழுதியில் விழுகின்றன.]

இந்த மழையைப் பார்த்ததும் ஈலா பெரியவர் ஒருவர் "லேஸா விழுகிறது" என்பார். நம் காதில் 'லேசா தூறுது' என்று கேட்கும். அது வேறு, இது வேறு. லேஸா என்றால் ஈலா மொழியில் கடவுள். மழை பெய்தால் கடவுள் விழுகிறார் என்று சொல்வது அவர்களுடைய பழைய வழக்கு. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனாலே இவர்களுடைய கதை பாதி பிடிபட்டுவிடும்.

[வரைபடம்: சாம்பியா. லுசாக்காவுக்கு மேற்கே ஒரு வட்டம்.]

சரி, எங்கே இருக்கிறார்கள்? சாம்பியாவின் தென் மாகாணத்தில், நம்வாலா பக்கம். காஃபுவே ஆறு இங்கே ஓடுவதைவிடப் பரவுவதுதான் அதிகம். வெள்ளம் வந்து சமவெளியை மூடும். வடிய வடியப் புல் முளைக்கும். மாடுகளை ஓட்டிக்கொண்டு இளைஞர்கள் ஆற்றோரப் பட்டிகளுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மழைக்கு முன்னால் மேட்டுக்குத் திரும்புவார்கள்.

கல்யாணம் என்றால் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். சாவு என்றால் மாடு அடித்து ஊரைச் சாப்பிட வைக்க வேண்டும். முன்பெல்லாம் பருவம் வரும் வயதில் மேல்வரிசை முன்பற்களைத் தட்டி எடுத்துவிடுவார்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று உடனே தெரிந்துவிடும். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. அந்த வாய்தான் அவர்களுக்கு அழகு.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். தலையில் கூம்பு வைத்த ஓர் ஆண்.]

படத்தில் இவர் தலையில் இருப்பது தொப்பி இல்லை, முடி. பெயர் இசுசு. சொந்த முடியோடு மற்றவர்கள் முடியையும் சேர்த்துத் தைத்து, நுனிக்குச் சீவிய மான்கொம்பு கொடுத்து மேலே மேலே உயர்த்துவார்கள். ஒரு மீட்டர் உயரத்தை எட்டியதும் உண்டு. இன்றைக்கு இதைப் பழைய படங்களில்தான் பார்க்க முடியும்.

ஊரின் அமைப்பையும் பாருங்கள். வீடுகள் வளையமாக நிற்கும், நடுவில் வெட்டவெளி. அந்தப் பெரிய வளையமே சின்னச் சின்னக் குடும்ப வளையங்களால் ஆனது. வாசலுக்கு நேர் எதிரே, உள்பக்கமாகத் தலைவரின் குடும்ப வளையம். தலைவர் ஊரை ஆள்வதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'குலேலா'. தாய் குழந்தையைப் பேணுவதற்கும் அதே சொல்தான். எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த சொல் இது.

இனி லேஸாவுக்கு வருவோம். படைத்தவர் அவர், மழை தருபவர் அவர். ஆனால் தினசரிக் கவலைகளுக்கு ஈலாக்கள் போய் நின்றது முன்னோர் ஆவிகளிடம்தான். லேஸா தூரத்தில் இருப்பவர். அவருக்கு 'ஷிகாகுனாமோ' என்றும் ஒரு பெயர் உண்டு: ஆளை விடாமல் துரத்துபவர். அந்தப் பெயர் வரும் கதையைக் கேளுங்கள்.

[காட்சி: கையால் வரைந்த அசைவுப் படம். ஒற்றையாக நடக்கும் ஒரு கிழவி.]

ஒரு கிழவி. அப்பா, அம்மா, புருஷன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாரும் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். இவளுக்கு மட்டும் சாவு வரவில்லை. 'லேஸாவை நேரில் பார்த்து, எனக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டே தீருவேன்' என்று கிளம்பினாள். பெரிய பெரிய மரங்களை வெட்டி வானம்வரை அடுக்கப் பார்த்தாள். அடிமரம் உளுத்து எல்லாம் சரிந்தது. அப்புறம், வானமும் பூமியும் ஒட்டும் இடத்தைத் தேடி நாடு நாடாக நடந்தாள். வழியில் பார்த்தவர்கள் எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். சொன்னாள். "உனக்கு மட்டுமா? அவர் எங்கள் எல்லார் முதுகிலும்தான் உட்கார்ந்திருக்கிறார். யாராலும் உதறித் தள்ள முடியவில்லை" என்றார்கள். அவள் லேஸாவைப் பார்க்கவே இல்லை. மனம் உடைந்து செத்துப்போனாள்.

இந்தக் கதை சொல்லும் ஊருக்குத்தான் 1893 கடைசியில் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் என்ற ஆங்கிலேயக் கிறிஸ்தவ சபையின் மிஷனரிகள் வந்து சேர்ந்தார்கள். பக்கன்ஹாம், பால்ட்வின் என்பவர்கள் முக்கியமானவர்கள். ஈலா நாட்டின்மேல் உரிமை கொண்டாடிய, மேற்கே இருந்த லோசி மக்களின் அரசர் லெவானிக்கா, இவர்கள் யாருடைய ஆட்களோ என்ற சந்தேகத்தில் சில வருஷங்கள் காக்க வைத்த பிறகே அனுப்பினார். முதல் நிலையம் நக்காலாவில்.

1902இல் எட்வின் ஸ்மித் வந்தார். பிரசங்கம் இருக்கட்டும், முதலில் மொழி என்று உட்கார்ந்தார். 1907இல் ஈலா இலக்கண நூல் வந்தது. 1915இல் ஈலா மொழியில் புதிய ஏற்பாடு. கடவுளுக்கு வெளியூர்ச் சொல்லைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. லேஸா என்றே வைத்தார்கள். சின்ன முடிவு மாதிரித் தெரியும். ஆனால் முதுகில் உட்கார்ந்து விடாமல் துரத்தும் அதே பெயரைச் சொல்லி, 'இவர் உங்களை நேசிக்கும் தகப்பன்' என்று பேசுவது லேசான வேலையா என்ன! அந்தக் கிழவியின் கதையைக் கேட்டு, எழுதி, புத்தகத்தில் சேர்த்ததும் இதே ஸ்மித்தும் அவருடைய நண்பரான ஒரு மாஜிஸ்திரேட்டும்தான்.

[காட்சி: தகரக் கூரை போட்ட ஆலயம். வெளியே சைக்கிள்கள்.]

மெதடிஸ்ட் சபை 1965இல் மற்ற சபைகளோடு இணைந்து சாம்பியா ஐக்கிய சபையானது. தென் மாகாணத்தில் சனிக்கிழமை கூடும் அட்வென்டிஸ்டுகளும் நிறைய. ஆற்றிலும் மாற்றம் வந்தது: 1970களில் மேலே இத்தேஸி தேஸி அணை கட்டிய பிறகு வெள்ளம் பழைய கணக்குப்படி வருவதில்லை.

ஆனாலும் மாலா என்ற ஊரில் வருஷாவருஷம் ஷிமுனெங்கா விழா நடக்கிறது. ஷிமுனெங்கா அந்த ஊரின் ஆதி முன்னோர். அவருக்கென்று ஒரு புனிதத் தோப்பு உண்டு. மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிக் காட்டுவார்கள். ஈட்டியோடு ஆண்கள் ஓட, பெண்கள் பாட்டெடுப்பார்கள். இது முன்னோர் வழிபாடு, விசுவாசி போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இது எங்கள் மாட்டுத் திருவிழா, இதில் என்ன தப்பு என்பவர்களும் உண்டு. மந்தையை ஓட்டிக்கொண்டு வருகிற பையனிடம் இந்த விவாதத்தை எடுத்தால், நின்று பதில் சொல்ல அவனுக்கு நேரமிருக்காது. மாடுகள் முன்னால் போய்விட்டன.