முதல் போட்டவர் லண்டனில், பட்டினி கிடந்தவர் ஜேம்ஸ்டவுனில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவை நிலைநிறுத்தியது, அதற்காகப் பங்கு விற்றுப் பணம் திரட்டிய லண்டன் கம்பெனி போட்ட முதலா, அங்கே போனவர்கள் பட்ட பாடா என்பது இன்றைய கேள்வி. அவர்கள் பட்ட பாட்டின் பக்கம் நான்.

எதிரணித் தலைவர் அழகாகக் கணக்குச் சொன்னார். 1606-இல் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ் குடியேற அனுமதித்துச் சாசனம் தந்தார், கம்பெனி மூன்று கப்பல்களை அனுப்பியது, 1607 மே மாதம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் பிறந்தது. சரி, கொண்டுபோய் இறக்கிவிட்டது கம்பெனிதான். இறக்கிவிட்டு என்ன செய்யச் சொன்னது? தங்கம் தேடச் சொன்னது! ஆட்களுக்குச் சோறில்லை, 1608-இல் வந்த கப்பலில் பொற்கொல்லர்கள் வந்து இறங்குகிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் மக்காச்சோளம் இல்லையென்றால் இன்று நமக்குப் பட்டிமன்றத் தலைப்பே இல்லை.

1609-இல் லண்டனில் கம்பெனியின் ஒரு பங்கின் விலை 12 பவுண்டு 10 ஷில்லிங். அதே ஆண்டுக் குளிர்காலத்தில் கோட்டைக்குள் இருந்தவர்கள் குதிரையைத் தின்றார்கள், நாயைத் தின்றார்கள், எலியையும் விடவில்லை. வசந்தம் வந்தபோது அங்கே உயிரோடு இருந்தவர்கள் சுமார் 60 பேர். முதலீடு, முதலீடு என்கிறீர்களே, அந்த முதலும் போதாமல் பிறகு லாட்டரிச் சீட்டு விற்றது உங்கள் கம்பெனி.

அப்புறம் காப்பாற்றியது எது? புகையிலை. கம்பெனி தேடியது தங்கத்தை. ஜான் ரோல்ஃப் என்ற குடியேறி கரீபியன் பக்கத்து விதையைப் போட்டுப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் புகையிலையைத் திட்டி நூலே எழுதியவர் மன்னர் ஜேம்ஸ்!

1618-இல் வழிச்செலவு கொடுத்து வருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்று கம்பெனி அறிவித்ததை எதிரணித் தோழி பெருமையாகச் சொன்னார். யார் நிலம் அம்மா அது? பவ்ஹாட்டன் மக்களின் நிலம். அந்தப் புகையிலைக் காட்டில் பாடுபட 1619-இல் வர்ஜீனியாக் கரையில் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கினார்கள். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். அவர்களையும் சேர்த்துத்தான் நான் பாடு என்கிறேன்.

மணி அடிக்கிறீர்கள், ஒரே கேள்வியோடு முடிக்கிறேன். கம்பெனிதான் தூண் என்கிறது எதிரணி. 1624-இல் நீதிமன்றம் சாசனத்தை ரத்து செய்து அந்தத் தூணையே உருவிவிட்டது. கூரை ஏன் விழவில்லை?