கெட்ட செய்தி எத்தனை மாடி ஏறும்?

அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, தொழில்நுட்ப நிறுவனத் தலைமை அதிகாரிகளின் தலைமைப் பாணிகள். இவர் கண்டிப்பானவர், அவர் சாந்தமானவர், இன்னொருவர் கனவு காண்பவர் என்று ஆளுக்கொரு பட்டம் கட்டிவிட்டு அரை மணி நேரத்தில் நான் இறங்கிவிடலாம். அந்தப் பட்டங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு சி.இ.ஓ. எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமா? அடிமட்டத்தில் ஒரு கெட்ட செய்தி பிறந்தால், அது அவர் மேஜைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது, என்ன உருவத்தில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலில் 'தர்பூசணி புராஜெக்ட்' என்பார்கள். வாராந்திர அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது எல்லாம் சரி. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு, அதாவது ஆபத்து. அப்படி ஒன்றில் நானும் இருந்தேன். சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண், "பணம் அனுப்பும் பகுதி மூன்றில் ஒரு தடவை விழுந்துவிடுகிறது, இந்தத் தேதிக்கு முடியாது" என்று எழுதினார். அவருடைய லீட், அதாவது குழுத் தலைவர், அதை "தேதி கொஞ்சம் கஷ்டம்" என்று மாற்றினார். அடுத்து மேனேஜர் (அது நான்தான்) "சவாலாக இருக்கிறது, கூடுதல் நேரம் வேலை செய்கிறோம்" என்று திருத்தினேன். எனக்கு மேலே இருந்தவர் "சிறிய ரிஸ்க், கட்டுக்குள் இருக்கிறது" என்றார். தலைமை அதிகாரி பார்த்த ஸ்லைடில் ஒரு பச்சை வட்டம் மட்டும் இருந்தது. அப்பட்டமான பொய் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டோம், அவ்வளவுதான். ஏன் போட்டோம்? முந்தின மாதம் சிவப்பு காட்டிய ஒருவரை அந்த அதிகாரி முப்பது பேர் முன்னால் நிற்க வைத்து வறுத்தெடுத்திருந்தார். ஒரே ஒரு தடவை. அது போதுமானதாக இருந்தது.

சரி, பெரிய இடத்துக்கு வருவோம். இந்தக் கோணத்தில் நான் அதிகம் யோசித்தது, கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவைப் பற்றி. ஏனென்றால் ஒரே மனிதர் இரண்டு விதமாகவும் நடந்துகொண்டார்.

முதலில் 1985. இன்டெல் வளர்ந்ததே மெமரி சில்லுகளால்தான். ஜப்பானிய நிறுவனங்கள் அதே சில்லை இன்னும் நல்ல தரத்தில், இன்னும் குறைந்த விலையில் கொண்டுவந்து குவித்தன. ஒரு நாள் குரோவ், அப்போது சி.இ.ஓ.வாக இருந்த கோர்டன் மூரிடம் கேட்டார்: நம் இருவரையும் துரத்திவிட்டு இயக்குநர் குழு புது ஆள் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மூர் தயங்கவே இல்லை. மெமரித் தொழிலை விட்டு வெளியே வந்துவிடுவார் என்றார். அப்படியானால் நாமே கதவைத் தாண்டி வெளியே போய், திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள். கணினியின் மூளையான மைக்ரோபிராசசரைச் செய்யும் நிறுவனமாக இன்டெல் மாறியது அப்படித்தான்.

மேடைகளில் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடியில் இருக்கிறது. எந்தச் சில்லு அதிக லாபம் தருகிறதோ அதற்குத்தான் தொழிற்சாலையில் இடம் என்று இன்டெலில் ஒரு கணக்கு இருந்தது. உற்பத்தியைத் திட்டமிட்ட நடுமட்ட ஊழியர்கள் அந்தக் கணக்கின்படி, மேலிடம் முடிவெடுக்கும் முன்பே மெமரியின் பங்கை மாதா மாதம் குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் நடந்த அந்த உரையாடல், கீழே ஏற்கெனவே தெரிந்திருந்த செய்தி மேலே வந்து சேர்ந்த நேரம். குரோவே பிற்பாடு இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் 1994. குரோவ் இப்போது சி.இ.ஓ. இன்டெலின் பென்டியம் என்ற மைக்ரோபிராசசர் சில்லில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தப்பாக வந்தது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும், பென்டியம் 1.33374 என்றது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. இன்டெல் தன் சோதனையிலேயே இதைக் கண்டுபிடித்திருந்தது. ஆனால் பெரிய விஷயமில்லை என்று முடிவு செய்துவிட்டது. வெளியே ஒரு கணிதப் பேராசிரியர் பகா எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், தானும் கண்டுபிடித்து நாலு பேருக்கு எழுதினார். விஷயம் பரவியது.

இன்டெல் என்ன சொன்னது தெரியுமா? சாதாரணமாகப் பயன்படுத்துபவருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இந்தப் பிழை வரும் என்றது. மாற்றுச் சில்லு வேண்டுமானால், உங்கள் வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்று காட்டுங்கள் என்றது. கணக்கு சரியாகவே இருக்கலாம். கணினி வாங்கியவனுக்கு அது பதிலா? கணினி விற்கும் ஐ.பி.எம். நிறுவனம் வேறு கணக்குப் போட்டு, 24 நாளுக்கு ஒரு முறை பிழை வரலாம் என்று சொல்லி, அந்தச் சில்லுள்ள கணினிகளை அனுப்புவதையே நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று இன்டெல் மன்னிப்புக் கேட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. செலவுக் கணக்கில் எழுதிய தொகை 475 மில்லியன் டாலர்.

குரோவ் தனி அறை வைத்துக்கொள்ளாமல் ஊழியர்களைப் போலத் தடுப்புக்குள் உட்கார்ந்து வேலை செய்தவர். முகத்துக்கு நேரே வாதாடுவதை ஊக்கப்படுத்தியவர். அவருக்கே 1994-இல் காது அடைத்துக்கொண்டது. பாணி என்று நாம் சொல்வது பிறவிக் குணம் மாதிரி எப்போதும் கூட வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சத்யா நாதெல்லாவைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். 2014 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பொறுப்புக்கு வந்தார். ஒவ்வொரு குழுவிலும் சிலரைக் கட்டாயம் கடைசி வரிசையில் தள்ளும் மதிப்பீட்டு முறை அங்கே பல காலம் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரன் வழுக்கினால் நான் தப்பிப்பேன் என்ற ஏற்பாட்டில், என் வேலையில் ஓட்டை இருக்கிறது என்று எவன் வாயைத் திறப்பான்? அதை ஒழித்த புகழை நாதெல்லா கணக்கில் எழுதுகிறார்கள். உண்மையில் 2013-லேயே, அவருக்கு முன் சி.இ.ஓ.வாக இருந்த ஸ்டீவ் பால்மர் காலத்திலேயே அது போய்விட்டது. நாதெல்லாவை நான் மதிப்பது வேறொன்றுக்காக.

பதவிக்கு வந்து எட்டு மாதம். கணினித் துறைப் பெண்களின் மாநாட்டு மேடை. சம்பள உயர்வு கேட்கப் பெண்கள் தயங்குகிறார்களே என்ற கேள்விக்கு, கேட்காமல் இருந்தாலும் அமைப்பு சரியானதைத் தரும் என்று நம்புங்கள் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். பேட்டி கண்டவர் மரியா கிளாவே, மைக்ரோசாஃப்டின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். அந்த மேடையிலேயே, நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அரங்கம் கைதட்டியது. அன்றைக்கே நாதெல்லா ஊழியர்களுக்கு, தான் சொன்ன பதில் முழுக்கத் தவறு என்று கடிதம் எழுதினார். இடித்துச் சொல்ல ஆள் இருந்தார், கேட்கவும் ஆள் இருந்தார். 2016-இல் மைக்ரோசாஃப்டின் டே என்ற அரட்டை நிரல் ட்விட்டரில் ஒரே நாளில் கண்டபடி உளறி, அதை அவசரமாக எடுக்க வேண்டி வந்தபோதும், அந்தக் குழுவுக்கு அவர் அனுப்பிய மடலில் திட்டு இல்லை. தொடர்ந்து முயலுங்கள், நான் கூட இருக்கிறேன் என்றிருந்தது.

அமேசானின் ஜெஃப் பெசோஸ் இப்படி மென்மையானவர் இல்லை. ஆனால் சர்க்கரை கலப்பதைக் கண்டுபிடிக்க அவரிடம் வழி இருந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் ஒரு நிமிடம்கூடக் காத்திருப்பதில்லை என்று ஒரு கூட்டத்தில் புள்ளிவிவரம் காட்டினார்கள். அவர் அங்கேயே அந்த எண்ணை அழைத்தார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பல நிமிடங்கள் யாரும் எடுக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களின் வயிற்றை நினைத்தால் எனக்கே கலங்குகிறது.

ஸ்டீவ் ஜாப்ஸைப் பற்றி ஒரே வார்த்தை. அவரைப் பின்பற்றுகிறேன் என்று கிளம்புபவர்கள் எடுத்துக்கொள்வது அவர் கத்தலைத்தான். ஐபோனில் வெளியார் எழுதிய செயலிகளை அனுமதிக்க முதலில் அவர் இணங்கவில்லை. கூட இருந்தவர்கள் விடாமல் வாதாடினார்கள். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. அந்த வாதத்தில் அவர் தோற்றதை எடுத்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை.

எங்கள் தர்பூசணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொன்ன தேதியில் வெளியிட்டோம். இரண்டாம் நாளே திரும்பப் பெற்றோம். விசாரணைக் கூட்டத்தில் தலைமை அதிகாரி, "இதை ஏன் எனக்கு முன்னாலேயே யாரும் சொல்லவில்லை?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் என்னிடம் இருந்தது. நான் அதை எடுத்துக் காட்டவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெண் வேலையை விட்டுப் போனார். போகிறவர்களிடம் காரணம் கேட்கும் படிவத்தை நான்தான் அவரிடம் கொடுத்தேன். பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்து, "நல்ல வாய்ப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.