விட்டுப்போன 5 நாளும் எங்க வீட்டு ஈபி கணக்கும்

வணக்கம் மக்களே! இன்னைக்கு சமையலும் இல்ல, மாடித் தோட்டமும் இல்ல. ஊருக்குப் போய் ரீடிங் எழுதாம விட்ட 5 நாள, என் எக்ஸெல் கணக்கு முழுங்கிட்டுத் தப்பா சராசரி காட்டியிருக்கு. நேத்து ராத்திரி 11 மணிக்குத்தான் பிடிபட்டுச்சு, அதுலேர்ந்து தூக்கமே வரல. உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

நான் தினமும் ஈபி ரீடிங் எழுதுறது பழைய ஆளுங்களுக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழ மீட்டர் பெட்டி. குனிஞ்சு, போன் டார்ச்ச அடிச்சு, அந்தத் திரையில தேதி ஓடும், நேரம் ஓடும், வோல்டேஜ் ஓடும், கடைசியாத்தான் யூனிட் வரும். கண்ணைச் சிமிட்டினா போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. அதை எக்ஸெல்ல ஏத்தி, நேத்து ரீடிங்கக் கழிச்சா அன்னன்னைக்கு எத்தனை யூனிட்டுனு வந்துடும். அதுக்கு ஒரு சார்ட்.

எதுக்கு இவ்ளோ பாடுன்னா, அந்த 500தான். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101-லேர்ந்து 200 வரைக்கும் குறைஞ்ச ரேட்டு. 501 ஆயிட்டா அந்தக் குறைஞ்ச படியே கிடையாது, அதுக்கும் மேல்படி ரேட்டுதான். ஒரே ஒரு யூனிட்டு அதிகமானதுக்கு பில்லு குதிக்கும். எனக்கு இது சுத்தமாப் பிடிக்காது. 480ல நிறுத்தினா அன்னைக்கு எனக்கு திருவிழா.

இந்தத் தடவை டிசம்பர் 29 கணக்கெடுத்துட்டுப் போனாங்க. ஜனவரி 28 அன்னைக்கு அவரேஜ் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 8.52 யூனிட். 60 நாளைக்குப் பெருக்கினா 511! எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. உடனே கீசருக்குத் தடை. அத்தைக்கு முட்டி வலி, அவங்களுக்கு மட்டும் அடுப்புல வெந்நீர் வச்சுக் கொடுத்தேன். ஒரு வாரம்!

இருங்க, முக்கியமானத விட்டுட்டேன். பொங்கலுக்கு அறந்தாங்கி போயிருந்தோம்ல, அந்த வீடியோ பார்த்திருப்பீங்க. ஜனவரி 13 காலைல ரீடிங் 8412. திரும்பி வந்து 19 காலைல 8421. நடுவுல 5 நாள் எழுதவே இல்ல. கழிச்சா 9 யூனிட், ஃப்ரிட்ஜும் வாசல் பல்பும் ஓடினது. அந்த 9 எங்க போய் உட்கார்ந்துச்சு? 19-ஆம் தேதி வரிசையில, ஒரே நாள் செலவு மாதிரி. எங்க வீட்டுல சாதாரண நாளைக்கே எட்டரைதான் ஆகும். சார்ட்ல 13-ம் 19-ம் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, ரெண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். நாங்க ஊருக்கே போகாத மாதிரி!

இப்ப கணக்கப் பாருங்க. 30 நாள்ல மொத்தம் 213 யூனிட். ஆனா ஷீட்ல இருக்கிறது 25 வரிசை. அவரேஜ் என்ன பண்ணும், 25-ஆலதான் வகுக்கும். 30-ஆல வகுத்தா 7.1. 60 நாளைக்கு 426. அத்தைகிட்ட நேத்து ராத்திரியே எழுப்பி மன்னிப்பு கேட்டுட்டேன்.

சரி, சார்ட் ஏன் அந்த 5 நாளை முழுங்குச்சு? நான் தேதிய 14.1.26-னு புள்ளி வச்சு எழுதுவேன். ஸ்கூல்ல பழகினது. என் லேப்டாப்ல எக்ஸெல் அதைத் தேதின்னே எடுத்துக்கல, வெறும் எழுத்துன்னு வச்சிருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, கட்டத்துல இடது பக்கம் ஒட்டி நின்னா எழுத்து, வலது பக்கம் ஒட்டி நின்னா தேதி. நிஜத் தேதி உள்ளுக்குள்ள ஒரு நம்பர்தான். 1900 ஜனவரி 1 தான் 1. 2026 ஜனவரி 14 வந்து 46036. நம்பரா இருந்தாத்தான் நடுவுல எத்தனை நாள் போச்சுன்னு அதுக்குத் தெரியும்.

கண்ட்ரோல் ஹெச் (தேடி மாத்துற வசதி) அடிச்சு, புள்ளிக்குப் பதிலா சாய்வுகோடு போட்டேன். மொத்த வரிசையும் டக்குனு வலது பக்கம் தாவுச்சு பாருங்க, அப்படி ஒரு சந்தோஷம்! ஒண்ணு மட்டும் கவனிங்க, கம்ப்யூட்டர்ல ரீஜன் இந்தியான்னு இருக்கணும். அமெரிக்கான்னு இருந்தா 5/1-னு எழுதின ஜனவரி 5, மே 1 ஆயிடும்.

அப்புறம் சார்ட்டுக்குக் கீழ தேதி மேல ரைட் கிளிக், ஃபார்மட் ஆக்சிஸ், டேட் ஆக்சிஸ். 14-லேர்ந்து 18 வரைக்கும் இடம் காலியா வந்துடுச்சு. இது பார் சார்ட்ல. லைன் சார்ட்டுன்னா 13-லேர்ந்து 19-க்கு ஒரே கோடா இழுத்துடும். அங்க இடைவெளி தெரியணும்னா விட்டுப்போன தேதிகளையும் எழுதி, யூனிட் கட்டத்தக் காலியா விடணும். செலக்ட் டேட்டாக்குள்ள ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல கேப்ஸ் (இடைவெளி), ஜீரோ, கோடு சேர்க்கிறதுன்னு மூணு. ஜீரோவத் தொடவே தொடாதீங்க. ஜீரோன்னா ஃப்ரிட்ஜே ஓடலன்னு அர்த்தம். பால் கணக்குன்னா ஜீரோ சரி, பால்காரர் வரல, பால் இல்ல. மீட்டர் நான் பார்க்கலன்னா நின்னுடுமா?

இங்கதான் அரை மணி நேரம் போச்சு. கேப்ஸ் கொடுத்தும் கோடு தரைக்கு விழுது! ரீடிங் இல்லாத நாளுக்கு என் ஃபார்முலா, உள்ள எதுவுமே இல்லாத ரெட்டை மேற்கோள் (""), அதாவது வெற்று எழுத்தத் திருப்பிக் கொடுத்திருக்கு. கண்ணுக்குக் காலி, எக்ஸெலுக்கு அது எழுத்து, எழுத்த ஜீரோன்னுதான் வரையும். அதுக்குப் பதிலா ‘மதிப்பு இல்ல’ன்னு சொல்ற என்ஏ ஃபங்ஷன், NA(), போட்டேன், விழல. புது எக்ஸெல்னா அதே இடத்துல என்ஏவக் காலிக் கட்டமாக் காட்டுன்னு ஒரு டிக் இருக்கு, அதையும் போட்டா இடைவெளி வந்துடும். கூகுள் ஷீட்ஸ் வச்சிருக்கவங்க கஸ்டமைஸ்ல ட்ரீட் லேபிள்ஸ் ஆஸ் டெக்ஸ்ட் டிக்க எடுத்து விடுங்க.

ஷேர் விலைக்கு சார்ட் போடுறவங்க மட்டும், தேதிய வெறும் எழுத்தா எடுத்துக்கிற டெக்ஸ்ட் ஆக்சிஸ்லயே இருங்க. சனி ஞாயிறு மார்க்கெட்டே இல்ல, அதுக்கு எதுக்கு ஓட்டை?

நான் இப்ப ஃபார்முலாவயே மாத்திட்டேன். ரீடிங் வித்தியாசத்த தேதி வித்தியாசத்தால வகுத்துடறேன். 19-ஆம் தேதிக்கு எதிர்ல இப்ப 1.5-னு இருக்கு. அந்த பாருக்கு மட்டும் சாம்பல் கலர் அடிச்சு வச்சிருக்கேன், அது 6 நாள் சராசரின்னு எனக்கு ஞாபகம் இருக்கணும்ல.

இன்னைக்குக் காலைல 7 மணிக்கு ரீடிங் எடுத்துட்டு நேராப் போய் கீசர் சுவிட்சப் போட்டேன். அத்தை இப்பத்தான் குளிச்சுட்டு வந்தாங்க.