“இளைச்சுட்டீங்களே!” என்பதற்கு முன்

எல்லோருக்கும் வணக்கம்.

எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது போன்றவற்றைத்தான் உணவுக் கோளாறு என்கிறார்கள். அப்படிச் சொன்னாலே நம் கண்முன் வருவது பதினாறு வயதுப் பெண்தான். மருத்துவமும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின்படி, பருவமடைந்த பெண்ணுக்கு அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் குறைத்து ஆபத்தான அளவுக்கு மெலியும் நோய், என்று சொல்ல, மூன்று மாதவிலக்காவது தொடர்ந்து தவறியிருக்க வேண்டும் என்றிருந்தது. மாதவிலக்கே நின்றுபோன ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு இது எப்படிப் பொருந்தும்? 2013-இல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

பிரிட்டனில் நாற்பது, ஐம்பது வயதுகளில் இருந்த 5,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதோ உணவுக் கோளாறு இருந்திருக்கிறது. உதவி தேடிப் போனவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஒரு பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. சாப்பாடு கூடாமலேயே உடல்வாகு மாறும். அது அவள் குற்றமே இல்லை. ஆனால் அவள் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள். குடும்பப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு நகர்கிறாள். பகல் முழுக்கப் “பசியில்லை” என்பவள், வீடு தூங்கியதும் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறாள். மறுநாள் மறுபடியும் பட்டினி. அந்தப் பட்டினிதான் அடுத்த இரவின் வெறிப்பசிக்கு வழி செய்கிறது. இதை மன உறுதிக் குறைவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அவள் மெலிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? பாராட்டுகிறோம். “இளைச்சுட்டீங்களே, என்ன ரகசியம்?” என்கிறோம். மகள் இப்படி மெலிந்தால் பதறியிருப்போம். தாய்க்குக் கைதட்டுகிறோம்! எலும்பு வேகமாகத் தேயும் வயதில் பட்டினி கிடந்தால் முறிவுக்கான வாய்ப்பு கூடும். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். எடை சரியாக இருப்பவர்களுக்கும் இது நேரும்.

அதனால் மருத்துவரிடம் போனால் எடையை மட்டும் பேசாதீர்கள். “சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன்”, “பேதி மாத்திரை போடுகிறேன்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை, இசிஜி, எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் எது தேவை என்று கேளுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்குப் பலன் தந்திருக்கிறது. வயது அதற்குத் தடையில்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், கணவரோ தோழியோ யாராவது ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.